இருபத்து மூன்று நகல்கள்

எங்கள் நிறுவனம் லிஃப்ட் செய்வதில்லை, விற்பதும் இல்லை. மற்றவர்கள் மாட்டிவிட்டுப் போன இரண்டாயிரத்து அறுநூறு லிஃப்டுகளுக்கு மாதம் ஒருமுறை மெக்கானிக்கை அனுப்பி, எண்ணெய் போட்டு, திருகு முடுக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதுதான் எங்கள் பிழைப்பு. நான் பதிவுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். டைப் அடிப்பதில் ஆரம்பித்தேன். இப்போது மேசையில் 'தரவுப் பொறுப்பாளர்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகை வந்த அளவுக்குச் சம்பளம் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எந்த லிஃப்ட் அடுத்துப் பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லும் கணினி ஒன்று வேண்டும் என்று முதலாளிக்குப் போன வருடம் ஆசை வந்தது. ஏதோ கூட்டத்துக்குப் போன இடத்தில் யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். அதற்கு எங்கள் பழைய பதிவுகளை எல்லாம் கணினிக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவுகளின் லட்சணம் எனக்குத்தான் தெரியும். மெக்கானிக்குகள் முழங்காலில் வைத்து எழுதிய சீட்டுகள், கிரீஸ் ரேகையோடு. போனில் எடுத்த படங்கள். 'அக்கா, நாலாவது மாடிக் கதவு உரசுது, ரோலர் அனுப்புங்க' என்று வண்டிச் சத்தத்துக்கு நடுவில் கத்திய குரல் செய்திகள். பதினோரு வருடத்துக்கு இப்படிக் குவிந்து கிடக்கிறது. இதை அப்படியே தூக்கிக் கொடுத்தால் எந்தக் கணினியும் ஒரு மண்ணும் கற்றுக்கொள்ளாது. முதலில் எல்லாவற்றையும் படித்து, குரலை எழுத்தாக்கி, குப்பையைத் தள்ளி, இது மோட்டார், இது கதவு, இது கயிறு என்று பெயர் ஒட்டி அடுக்க வேண்டும். இந்த வேலையை வாடகைக்குச் செய்து தர கிளவுட் சேவைகள் இருக்கின்றன. அதில் எதை எடுப்பது என்று சோதித்துச் சொல்ல எனக்கு ஆறு வாரம் கொடுத்தார்கள்.

மூன்று சேவைகள் கடைசிவரை வந்தன. அவற்றின் பெயர்கள் ஒன்றுபோலவே இருந்ததால் திரையின் நிறத்தை வைத்து நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நான் அழைத்தேன். மூன்று நிறுவனங்களின் விற்பனையாளர்களும் தனித்தனியாகத் திரையில் தோன்றிப் பேசினார்கள். எதைக் கேட்டாலும் முடியும் என்றார்கள். கிரீஸ் பட்ட கையெழுத்தைப் படிக்குமா என்றால் படிக்கும். பாதி கிழிந்த சீட்டை? அதையும் படிக்கும். ஒருவரிடம், 'எழுதாத சீட்டை?' என்று கேட்டுப் பார்த்தேன். 'அடுத்த பதிப்பில் வருகிறது' என்றார். ஆரஞ்சு முதல் வாரமே விழுந்துவிட்டது. 'கயிறு தேய்ந்திருக்கிறது' என்ற சீட்டை அது 'வயிறு தேய்ந்திருக்கிறது' என்று படித்து, மெக்கானிக்கின் உடல்நலக் குறிப்பில் சேர்த்து வைத்தது. மிஞ்சியது நீலமும் பச்சையும்.

சோதிப்பதற்கு முன்பே மதிப்பெண் பட்டியலைப் போட்டுவிட்டேன். கையெழுத்து படிப்பதற்கு முப்பது, குரலுக்கு இருபது, செலவுக்கு இருபத்தைந்து, பாதுகாப்புக்குப் பதினைந்து, நகல்களைக் கையாளுவதற்குப் பத்து. முடிவைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணை வளைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. சின்ன வயதில் வீட்டில் எதையாவது பங்கு போடக் கொடுத்தால் அளவுகோல் எடுத்துக்கொண்டு வருவேனாம். அதனால் அண்ணி என்னை இன்றைக்கும் 'நீதிபதியம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்.

அண்ணன் இதே நிறுவனத்தில் மெக்கானிக். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். மெக்கானிக்குகளுக்குள் அவருக்குக் 'காதுக்காரர்' என்று பெயர். லிஃப்டுக்குள் நின்று சுவரில் காதை வைத்தால் எந்த பேரிங் போகிறது, எந்தக் கதவு ரோலர் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் நாலு மாதம் இருந்தது. நாலு மாதத்தையும் விடாமல் சொல்வது அண்ணியின் வழக்கம்.

நகல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மெக்கானிக் லிஃப்ட் பக்கமே போகாமல் சீட்டில் பொய்க் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார். அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. மாதாமாதம் போகும் மெக்கானிக், கட்டிடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் போய் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். படம் போகாவிட்டால் போனில் வேலை முடிந்ததாகக் காட்டாது. எல்லோரும் அனுப்பினார்கள். யாரும் பார்க்கவில்லை. தொண்ணூறாயிரம் படம் சேர்ந்தும், ஒன்றைத் திறந்து பார்க்கக்கூட ஒருவரையும் நியமிக்கவில்லை. அது மெக்கானிக்குகளுக்குத் தெரியும்.

சோதனைக்குப் பத்தாயிரம் படங்களைப் பொறுக்கி இரண்டு சேவைக்கும் ஏற்றினேன். ஒரே படம் இரண்டு முறை வந்தால் கணினி அதையே இரண்டு முறை கற்றுக் குழம்பும், அதனால் நகல்களைக் களைய வேண்டும். நீலம் அதைச் சத்தமில்லாமல் செய்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டு, 'நகல்கள் நீக்கப்பட்டன: 412' என்று ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்தது. பச்சை நீக்கவில்லை. ஒன்றுபோல இருப்பவற்றைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, யார் அனுப்பியது, எந்தத் தேதி, எந்தக் கட்டிடம் என்று போட்டு, 'இதை ஒரு மனிதர் பார்க்கவும்' என்று என் முன்னால் வைத்தது.

ஒரு புதன்கிழமை மதியம் அந்தக் கட்டுகளைப் பார்த்தேன். பெரும்பாலும் பொத்தானை இரண்டு முறை அழுத்தியவர்கள். ஒரே நாள், ஒரே நிமிடம். அப்படித் தள்ளிக்கொண்டே வந்தபோது ஒரு கட்டில் இருபத்து மூன்று படங்கள் இருந்தன. இருபத்து மூன்று மாதங்கள், ஒரே கட்டிடம். மோட்டார் மேல் ஒரு பழைய துணி கிடந்தது. மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் அதே மடிப்பில் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் தரையில் அதே இடத்தில் விழுந்திருந்தது. அனுப்பியவர் எண் 118.

118 அண்ணனின் எண். அவருடைய சாப்பாட்டுப் பெட்டி மூடியில்கூடக் கீறி வைத்திருப்பார். திரையை மூடிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மறுபடி திறந்தேன். இருபத்து மூன்றுதான், குறையவில்லை.

அவர் பொறுப்பில் இருக்கும் மற்ற முப்பத்தேழு லிஃப்டுகளையும் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மாதத்துக்கு ஒரு புதுப் படம். இந்த ஒரே கட்டிடத்தில்தான் இப்படி. பிறகு நீலத்தைத் திறந்தேன். அதில் அந்தக் கட்டிடத்துக்கு ஒரே ஒரு படம், சுத்தமாகப் பெயர் ஒட்டப்பட்டு, 'மோட்டார் அறை, நல்ல நிலை' என்று இருந்தது. மற்ற இருபத்திரண்டும் அந்த 412இல் கரைந்துபோயிருந்தன. நீலத்தின் வழியாகப் பார்த்தால் என் அண்ணன் மேல் ஒரு தூசி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தபோது நீலம் 81, பச்சை 78. நான் எதையும் வளைக்கத் தேவையில்லை. நேர்மையாகப் போட்ட பட்டியலே அண்ணனைக் காப்பாற்றியிருக்கும். நீலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒருவரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை, மதிய இடைவேளையில் பஸ் பிடித்து அந்தக் கட்டிடத்துக்குப் போனேன். ஏழு மாடி. மூன்றாவது மாடியில் பல் மருத்துவமனை, மற்றதெல்லாம் சின்னச் சின்ன அலுவலகங்கள். கீழே வரவேற்பு மேசையில் ஒரு பெண் உட்கார்ந்து நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்த ஒரு அம்மாளோடு லிஃப்டில் ஏறினேன். மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. அந்த அம்மாள் காலை எடுத்து வைத்தார், தடுமாறினார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். லிஃப்ட் தரையை விட ஒரு விரல் அகலம் மேலே நின்றிருந்தது. ஏழாவது மாடிக்கு நான் மட்டும் போனேன். அங்கேயும் அப்படியே, அதைவிடக் கொஞ்சம் கூடவே மேலே நின்றது.

லிஃப்ட் அங்கேயே முடிந்துவிடுகிறது. மோட்டார் அறைக்குப் போக இன்னும் இரண்டு வரிசைப் படி, அதற்கு மேல் சுவரோடு செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. பதினான்கு கம்பிகள் எண்ணினேன். கீழ் இரண்டு கம்பிகள் மட்டும் துரு தேய்ந்து மினுமினுப்பாக இருந்தன. அதற்கு மேல் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. ஒரு விரலால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

"லிஃப்ட் கொஞ்சம் ஏறி நிக்குதே?" என்று மேசைப் பெண்ணிடம் கேட்டேன்.

"ரெண்டு மூணு நாளா அப்படித்தான். பார்த்து இறங்கினா ஒண்ணும் ஆகாது. பழகிடும்."

"புகார் குடுத்தீங்களா?"

"எதுக்கு? மெக்கானிக் அண்ணன் மாசாமாசம் கரெக்டா வந்துடுவாரே. அவர் பார்த்துப்பார்."

நான் யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் 'ஒரு விரல் மேலே, மாடி 3, மாடி 7' என்று எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி எனக்கு ஒரு நிம்மதி வரும். அன்றைக்கும் வந்தது.

வெள்ளிக்கிழமை மதிப்பெண் பட்டியலை மாற்றினேன். நகல் கையாளுவதற்குப் பத்தை இருபதாக்கினேன், செலவை இருபத்தைந்திலிருந்து பதினைந்தாக்கினேன். பச்சை 80, நீலம் 78. முடிவைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணை வளைப்பவர்களைப் பிடிக்காது என்று சொன்னேனே, அந்த ஜாதியில் நானும் சேர்ந்தேன். ஆனால் காரணம் சரியாகத்தான் இருந்தது. போகாத வேலையைப் போனதாகக் கற்றுக்கொள்ளும் கணினி, ஓடாத லிஃப்டையும் நல்ல லிஃப்ட் என்றுதான் சொல்லும். இதை அறிக்கையில் அழகாக எழுதினேன். பச்சை பிடித்துக் கொடுத்த கட்டுகளை, எண்ணோடும் தேதியோடும், பதினான்காம் பக்கத்தில் இணைப்பாக வைத்தேன். முதல் பக்கத்தில் வைக்கவில்லை. சொந்த அண்ணன் என்றுகூடப் பார்க்காமல் நியாயம் செய்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் அண்ணன் வீட்டில்தான். மூன்றாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது என்பதை வைத்து அண்ணி இருபது வருடமாகக் கேலி பண்ணிக்கொண்டிருக்கிறார். நான் போனபோது அண்ணன் கீழே போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில், ஒரு கை சுவரில், ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து சாதாரணமாக நாலு படி ஏறிக் காட்டினார்.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பார்.

"நீதிபதியம்மாவுக்குக் கண்ணு உள்ள போயிருக்கே. தூங்கறதில்லையா?"

"அறிக்கை எழுதறேன் அண்ணி. நாளைக்குக் குடுக்கணும்."

"இவருக்கும் சேர்த்து ஒண்ணு எழுது. முழங்கால் உள்ள எலும்போட எலும்பு உரசுதுன்னு டாக்டர் ஆபரேஷன் பண்ணச் சொல்றார். இவர் ரெண்டு வருஷம் நாலு மாசம் கழிச்சுப் பண்ணிக்கறாராம். எலும்பு காத்துக்கிட்டு இருக்குமா?"

"ஆபீஸ்ல தெரிஞ்சா ஸ்டோர் ரூம்ல உட்கார வச்சிடுவாங்க" என்றார் அண்ணன் தட்டைப் பார்த்தபடி. "திருகு எண்ணிக்கிட்டு உட்காரவா முப்பது வருஷம் வேலை பார்த்தேன்?"

எனக்குக் கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. மென்று விழுங்கினேன். விசாரணை என்று வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே பேசியிருக்கக் கூடாது, பேசினால் அது சலுகை என்று ஒரு விதியை நானே அந்த நிமிடத்தில் உண்டாக்கிக்கொண்டேன். சாப்பிட்டேன். இரண்டாவது முறை சோறு போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணன் தன் தட்டிலிருந்து மீன் துண்டு ஒன்றை எடுத்து, முள் எடுத்து, என் தட்டில் வைத்தார். எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது. இன்னும் முள் எடுத்துத்தான் தருகிறார்.

திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். செவ்வாய் முழுவதும் மேலாளரின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் மேலாளரை எல்லோரும் 'சுருக்கம்' என்பார்கள். யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் 'சுருக்கமா சொல்லுங்க' என்பார். அவருடைய கல்யாணத்தையே அரை மணி நேரத்தில் முடித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. புதன்கிழமை மாலை நாலு மணிக்குக் கூப்பிட்டார்.

"அறிக்கை பிரமாதம். நீலத்தையே எடுத்துடலாம்."

"சார், நான் பச்சையை இல்ல சிபாரிசு பண்ணியிருக்கேன்."

"பார்த்தேன். ரெண்டு பாயின்ட்தானே வித்தியாசம்? விலையில மூணுல ஒரு பங்கு வித்தியாசம். முதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"பதினாலாம் பக்கம் பார்த்தீங்களா சார்?"

அவர் அறிக்கையைக் கையில் எடுத்தார். முதல் தாளுக்கு மேல் எதுவும் திருப்பப்படவில்லை என்பது ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "பதினாலாம் பக்கத்துல என்ன? சுருக்கமா சொல்லுங்க."

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஒரு எண், ஒரு கட்டிடம். அவர் பேனாவைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார், அதை மறைக்க முடியாது.

"நகல் படங்கள் சார்" என்றேன்.

"நீலம்தான் அதை எல்லாம் நீக்கிடுதே. அப்புறம் என்ன?"

"ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

என் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. என் வாயால் சொல்ல முடியாததை எனக்காகச் சொல்ல ஒரு ஆளைத் தேடியிருக்கிறேன். பச்சை சொல்லும், மேலாளர் படிப்பார், யாரோ விசாரிப்பார்கள், நான் ஓரமாக நின்று 'ஐயோ, அப்படியா' என்று கேட்டுக்கொள்ளலாம். அந்த ஏற்பாடு பதினைந்து நிமிடத்தில் கலைந்துவிட்டது. நாளை நீலம் வந்தால் அந்த இருபத்திரண்டு படமும் போய்விடும். அதற்குப் பிறகு இது தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

ஐந்தரை மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கடையிலிருந்து இன்னும் வரவில்லை. அண்ணன் காலை ஒரு முக்காலி மேல் நீட்டி, முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை நான் வரும் நாள் இல்லை என்பதால் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார்.

நான் உட்காரவில்லை. பல் மருத்துவமனைக் கட்டிடம், இருபத்து மூன்று படம், துணியின் மடிப்பு எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஐஸ் பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"படி ஏறிடுவேன்" என்றார். "அந்த ஏணிதான் முடியல. நாலாவது கம்பியில கால் மடங்க மாட்டேங்குது. ஒரு தடவை பாதியில மாட்டிக்கிட்டுக் கால் மணி நேரம் தொங்கினேன். அப்புறம் ஏறல. ஆனா மாசாமாசம் போறேன். உள்ள நின்னு ஏழு தடவை மேலயும் கீழயும் போய்க் கேப்பேன். கேட்டா எனக்குத் தெரியும்."

"நாளைக்கு ஆபீஸ்ல சொல்லப் போறேன் அண்ணா."

"என் நம்பரைச் சொல்லியா?"

"ஆமா."

கீழே வைத்த ஐஸ் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் மூடியோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது.

"அந்த மெஷினே கண்டுபிடிச்சு அவங்ககிட்ட சொல்லியிருந்தா, உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது" என்றார்.

"அதுக்காகத்தான் அண்ணா அதைத் தேர்ந்தெடுத்தேன். அவங்க வேணாம்னுட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். கசப்பாக ஒன்றும் இல்லை. சின்ன வயதில் நான் அளவுகோலோடு வந்து நிற்கும்போது சிரிப்பாரே, அப்படி. எனக்கு அழுகை வந்தது. அதை மறைப்பதற்காக வாயில் வந்ததைச் சொன்னேன். "நான் போய்ப் பார்த்தேன். ஏணியெல்லாம் ஒரே தூசி. லிஃப்டும் சரியா நிக்கல, ஒரு விரல் ஏறி நிக்குது."

சிரிப்பு நின்றது.

"என்ன சொன்ன?"

"ஒரு விரல். தரையை விட மேல நிக்குது."

"மேலயா, கீழயா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மேல. ஏழாவது மாடியில இன்னும் கொஞ்சம் கூட."

"உள்ள எத்தனை பேர்?"

"மூணாவது வரைக்கும் ரெண்டு பேர். அப்புறம் நான் மட்டும்."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "பிரேக் பிடிக்கல. ஆள் கம்மியா இருந்தா எதிர்ப்பக்கம் தொங்கற எடைக்கல்லுதான் கனம், அது லிஃப்டை மேல இழுத்துக்கிட்டுப் போகுது. கியர் எண்ணெய் கசிஞ்சு பிரேக்ல இறங்கியிருக்கு. மூணு வாரம் முன்னாடி நான் போனப்ப கோடு போட்ட மாதிரி நின்னுச்சு." பேசிக்கொண்டே போனில் எண்ணைத் தேடினார். "கசியற எண்ணெய்க்குச் சத்தம் கிடையாதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கட்டிடத்தின் காவலாளிதான் எடுத்தார். அண்ணன் குரலை உயர்த்தாமல் பேசினார். "உள்ள யாராவது இருக்காங்களா பாருங்க. இல்லையா? மெயின் சுவிட்சை இறக்குங்க. இப்பவே. நான் லைன்ல இருக்கேன்... இறக்கிட்டீங்களா? எல்லா மாடியிலயும் நாற்காலியோ மேசையோ போட்டுக் கதவை மறிச்சிடுங்க. பல் டாக்டர் கத்தினா என் நம்பரைக் குடுங்க. நான் வந்துட்டிருக்கேன்."

பிறகு இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, தன்னால் ஏணி ஏற முடியாது, நீ வா என்றார். தன்னோடு வேலை பார்ப்பவரிடம் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவருகில் செருப்பைத் தேடியபடி என்னைப் பார்த்தார்.

"எப்ப பார்த்த இதை? இன்னைக்கா?"

"இல்ல. வியாழக்கிழமை."

"இன்னைக்குப் புதன்..." என்று ஆரம்பித்து விரலை மடக்கி எண்ணினார். "போன வியாழக்கிழமையா?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை இங்கதானே உட்கார்ந்து சாப்பிட்ட."

கதவுக்குப் பின்னால் கிடந்த செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஆறு நாள் ஓடியிருக்கு" என்றார். "பல்லு வலின்னு வர்ற சனம் அத்தனையும் அதுலதான் ஏறி இறங்கியிருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பழுதை இன்னொரு மெக்கானிக்குக்கு விளக்குவதுபோல நிதானமாகச் சொன்னார். "நான் தெரியாம விட்டேன். தப்புதான், பெரிய தப்பு. நீ தெரிஞ்சுல்ல விட்டிருக்க."

கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். பையை நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. நான் மூன்று படி பின்னால் இறங்கினேன்.

அன்று மேலே ஏறிய மெக்கானிக், பிரேக் டிரம் முழுவதும் எண்ணெயில் மினுங்குவதாகக் கத்திச் சொன்னார். அடிபட்டவர் யாரும் இல்லை. அதை நான் என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியாது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அறிக்கையின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். எந்தச் சேவை, எத்தனை மதிப்பெண் எதுவும் அதில் இல்லை. மெக்கானிக் எண் 118, என் அண்ணன், இருபத்து மூன்று மாதமாக அந்த மோட்டார் அறைக்குள் போகவில்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி. இந்த லிஃப்ட் சரியாக நிற்கவில்லை என்பதைத் தரவுப் பொறுப்பாளராகிய நான் போன வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு நேரில் பார்த்தேன், நேற்று மாலைவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.